கல்விக் கடன் இருக்கிறதே, உங்களுக்குக் கடன் வரலாறு இல்லை என்று யார் சொன்னது?

கேள்வி: கோவைக்கு அருகே ஒரு கல்லூரியில், விடுதியில் தங்கி, பி.இ. மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவி நான். வயது 20. சனி, ஞாயிறுகளில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். மாதம் 6,000 ரூபாய் வருகிறது. கையில் 30,000 ரூபாய் சேர்ந்திருக்கிறது. கிரெடிட் கார்டு கேட்டு ஆன்லைனில் இரண்டு வங்கிகளுக்கு விண்ணப்பித்தேன். ஒன்று, 'போதிய கடன் வரலாறு இல்லை' என்று நிராகரித்தது. இன்னொன்று காரணமே சொல்லவில்லை. அப்பாவோடு சேர்ந்து எடுத்த கல்விக் கடனைத் தவிர எனக்கு வேறு கடனே கிடையாது. 2,000 ரூபாய் கொடுத்தால் சம்பளச் சீட்டு தயார் செய்து கார்டு வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். அப்பாவோ, "கார்டு சகவாசமே வேண்டாம்" என்கிறார். வேலைக்குப் போனதும் வண்டிக் கடன் வாங்க கிரெடிட் ஸ்கோர், அதாவது கடன் மதிப்பெண், வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிதான். 'கல்விக் கடனைத் தவிர எனக்கு வேறு கடனே கிடையாது' என்கிறீர்கள். வங்கியில் கடன் விண்ணப்பங்களைப் பார்க்கும் வேலையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் கல்விக் கடன்தான் உங்கள் கடன் வரலாறு. கடன் உங்கள் பெயரில் இருக்கிறது, அப்பா இணைக் கடனாளி. முதல் தவணை கல்லூரிக்குப் போன நாளிலிருந்து அந்தக் கணக்கின் விவரத்தை வங்கி சிபில் போன்ற நிறுவனங்களுக்கு அனுப்பிக்கொண்டேதான் இருக்கும். அதனால் கார்டைப் பற்றி யோசிக்கும் முன்பு அந்தக் கணக்கு எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

இந்தியாவில் இப்படிக் கடன் விவரம் சேகரிக்கும் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க். ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி இந்த நான்குக்கும் சொல்லியிருக்கிறது. அவர்களுடைய இணையதளத்துக்கே போய் பான் எண்ணையும் மொபைல் எண்ணையும் கொடுத்து எடுங்கள். உங்கள் அறிக்கையை நீங்களே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. 'இலவச ஸ்கோர்' என்று விளம்பரம் செய்யும் கடன் ஆப்கள் வழியாகப் போக வேண்டாம். ஸ்கோரைக் காட்டிவிட்டு, கூடவே தினம் இரண்டு கடன் விளம்பரமும் அனுப்புவார்கள்.

அறிக்கை கைக்கு வந்ததும் ஸ்கோர் எண்ணை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கல்விக் கடன் பகுதியில், எத்தனை நாள் பாக்கி என்று மாதவாரியாகக் காட்டும் கட்டங்களை முதலில் பாருங்கள். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டாம் என்ற சலுகைக் காலம் பொதுவாக உண்டு. ஆனால் படிக்கும்போதே மாதாமாதம் வட்டியைக் கட்ட வேண்டும் என்று சில வங்கிகள் கடன் அனுமதிக் கடிதத்தில் நிபந்தனை போட்டிருக்கும். கையெழுத்துப் போடும் அவசரத்தில் வீட்டில் யாரும் அதை வாசித்திருக்க மாட்டார்கள். வட்டி கட்டாமல் நின்றிருந்தால், ஒவ்வொரு மாதமும் அது பாக்கியாகப் பதிவாகியிருக்கும். உங்களுக்கு மட்டுமல்ல, அப்பாவின் அறிக்கையிலும் அதே பாக்கி ஏறும். நாளைக்கு அவர் ஒரு கடன் கேட்டுப் போனால் அது அங்கே குறுக்கே வந்து நிற்கும். காரணம் சொல்லாமல் உங்களை நிராகரித்த வங்கி இப்படி ஒன்றைப் பார்த்திருக்கவும் வாய்ப்பு உண்டு. அதை ஊகித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. கிரெடிட் கார்டு விண்ணப்பத்தை நிராகரித்தால் குறிப்பான காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல் சொல்கிறது. விண்ணப்ப எண்ணைக் குறிப்பிட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

அறிக்கையில் தவறு ஏதாவது இருந்தால், உதாரணமாக நீங்கள் வாங்காத கடன் உங்கள் பெயரில் இருந்தால், அந்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே புகார் பதியலாம். 30 நாட்களுக்குள் தீர்க்க வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ளது. உணவு டெலிவரி ஆப்பிலோ துணி வாங்கும் ஆப்பிலோ 'பிறகு கட்டுங்கள்' என்ற பொத்தானை எப்போதாவது அழுத்தியிருக்கிறீர்களா என்றும் யோசித்துப் பாருங்கள். 300 ரூபாய் பிரியாணிக்கு அழுத்தியிருந்தாலும் பல ஆப்களில் அது ஒரு கடன் கணக்காகவே திறக்கப்படும். மறந்துபோன பாக்கி இருந்தால் முதலில் அதைக் கட்டி, கணக்கை மூடச் சொல்லுங்கள்.

இரண்டு நிராகரிப்பும் ஸ்கோரைக் கெடுத்துவிட்டதோ என்ற பயம் உங்களுக்கு இருக்கும். நிராகரித்தார்கள் என்பது அறிக்கையில் வராது. இந்தத் தேதியில் இந்த வங்கி விசாரித்தது என்ற பதிவு மட்டும்தான் வரும். அப்படி இரண்டு பதிவு இருப்பது பெரிய விஷயமில்லை. ஆனால் கோபத்தில் அடுத்த மாதமே இன்னும் நான்கு இடங்களில் விண்ணப்பித்தால், பார்க்கிறவருக்கு 'இந்தப் பெண் பணத்துக்கு எங்கெங்கோ அலைகிறாள்' என்று தோன்றும். இனி கண்டபடி விண்ணப்பிக்காதீர்கள்.

கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதன்முறை கடன் கேட்பவரை நிராகரிக்க வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி கடன் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. 2025 ஆகஸ்ட்டில் நிதியமைச்சகம் நாடாளுமன்றத்திலும் இதைச் சொன்னது. ஆனாலும் யாருக்குக் கொடுப்பது என்ற முடிவு கடைசியில் வங்கியின் கையில்தான். கார்டு என்பது ஈடு இல்லாத கடன். சம்பளச் சீட்டோ வருமான வரிக் கணக்கோ இல்லாத 20 வயது மாணவிக்கு அதைக் கொடுக்க வங்கி தயங்குவது எனக்குப் புரிகிறது.

இப்போது அந்த 2,000 ரூபாய்க்காரர். இதில் மட்டும் நான் கறாராகப் பேசப்போகிறேன். போலிச் சம்பளச் சீட்டு கொடுத்துக் கடன் வாங்குவது குற்றம். விண்ணப்பத்தில் கையெழுத்து உங்களுடையது, பான் எண் உங்களுடையது. மாட்டினால் அந்த ஆள் போன் எண்ணை மாற்றிவிட்டுப் போய்விடுவார், பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். வளாகத் தேர்வில் வேலை கிடைத்தால் பின்னணிச் சரிபார்ப்பு நடக்கும். நீங்கள் வேலையே பார்க்காத நிறுவனத்தின் சம்பளச் சீட்டு ஒரு வங்கியின் கோப்பில் கிடப்பது உங்களுக்கு ஆபத்து. அதோடு உங்கள் ஆதார், பான் நகல்களும், ஓ.டி.பி.யும் அவர் கையில் போய்ச் சேரும். அவற்றை வைத்து உங்கள் பெயரில் வேறு எங்கே கடன் வாங்குவார் என்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஏற்கெனவே நகல் கொடுத்திருந்தால் அடுத்த சில மாதங்களுக்கு உங்கள் கடன் அறிக்கையை அடிக்கடி பாருங்கள்.

சரி, நேர்வழி என்ன?

உங்களிடம் இருக்கும் 30,000 ரூபாயில் 20,000-ஐ உங்கள் பெயரிலேயே வைப்பு நிதியாக, அதாவது எஃப்.டி.யாகப் போட்டு, அதன் மேல் ஒரு கிரெடிட் கார்டு கேளுங்கள். வருமானச் சான்று கேட்க மாட்டார்கள். 18 வயது முடிந்திருந்தால் போதும். பல வங்கிகளில் இந்த வகைக் கார்டு இருக்கிறது. ஸ்டேட் பாங்கின் 'உன்னதி' கார்டு 25,000 ரூபாய் வைப்பின் மேல் தரப்படுவது. இதைவிடக் குறைந்த தொகைக்குத் தரும் வங்கிகளும் உண்டு. எஃப்.டி. தொகையில் 80, 90 சதவீதம் வரை லிமிட், அதாவது கார்டில் செலவு செய்யக்கூடிய வரம்பு, கிடைக்கும், சில இடங்களில் முழுத் தொகையும். எஃப்.டி.க்கு வட்டி வழக்கம்போல வந்துகொண்டிருக்கும். கார்டு இருக்கும்வரை அந்தப் பணத்தை உடைக்க முடியாது, அவ்வளவுதான். அதனால்தான் 30,000-ஐயும் போட வேண்டாம் என்கிறேன். விடுதியில் இருக்கும் பெண்ணின் கையில் மருத்துவச் செலவுக்கோ திடீர்ப் பயணத்துக்கோ 10,000 ரூபாய் எப்போதும் இருக்க வேண்டும்.

எஃப்.டி. அப்பா பெயரில் வேண்டாம். அப்பாவின் கார்டோடு சேர்த்து உங்களுக்கு ஒரு கூடுதல் கார்டு வாங்கும் யோசனையையும் யாராவது சொல்லக்கூடும். அதில் நீங்கள் செலவு செய்தாலும் கட்ட வேண்டிய பொறுப்பு அப்பாவுடையது, கணக்கும் அவருடையது. உங்கள் பெயரில் வரலாறு சேர வேண்டும் என்ற நோக்கத்துக்கு அது பெரிதாக உதவாது.

கிளைக்குப் போகும்போது சில விஷயங்களைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஆண்டுக் கட்டணம் உண்டா, முதல் ஆண்டு மட்டும் இலவசமா, எப்போதுமே இலவசமா? இந்தக் கார்டின் விவரம் சிபிலுக்குப் போகிறதா? கார்டை மூடினால் எஃப்.டி.யை எத்தனை நாளில் விடுவிப்பார்கள்? இன்ஷூரன்ஸ், 'கார்டு பாதுகாப்புத் திட்டம்' என்று ஏதாவது கூடவே சேர்க்கப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் அதைச் சேர்க்கக் கூடாது.

கார்டு வந்த பிறகு எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்பதில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது. உங்கள் அப்பாவின் பயத்துக்கும் காரணம் அங்கேதான். அவரைப் பழைய காலத்து ஆள் என்று நினைக்காதீர்கள். கார்டில் சிக்கிய குடும்பங்களைப் பார்த்துத்தான் சொல்கிறார்.

கணக்கைப் பாருங்கள். 12,000 ரூபாய் பில் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பில்லில் 'மொத்தத் தொகை 12,000, மினிமம் ட்யூ 600' என்று இரண்டு எண் இருக்கும். மினிமம் ட்யூ என்பது அந்த மாதம் குறைந்தபட்சம் கட்ட வேண்டிய தொகை. 600 கட்டினால் அபராதம் வராது, அறிக்கையில் பாக்கி என்றும் ஏறாது. அதனால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் மிச்சம் 11,400 ரூபாய்க்கு மாதம் 3.5 சதவீதம் என்று பார்த்தால் ஒரு மாத வட்டி 399 ரூபாய். வட்டியின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்ந்து ஏறக்குறைய 471. அடுத்த மாதம் நீங்கள் 1,000 ரூபாய் கட்டினாலும் பாதிக்கு அருகில் வட்டிக்கும் வரிக்குமே போய்விடும். இது போக, பில்லை முழுதாகக் கட்டாத மாதத்தில் வட்டியில்லாச் சலுகையும் போய்விடும். வாங்கிய தேதியிலிருந்தே வட்டி ஓடும், புதிதாக வாங்குவதற்கும் முதல் நாளிலிருந்தே வட்டி. ஆண்டுக்கு 42 சதவீதம் என்பது உங்கள் கல்விக் கடன் வட்டியைப்போலப் பல மடங்கு. 6,000 ரூபாய் டியூஷன் வருமானம் இதைத் தாங்காது.

ஆகவே நீங்கள் கட்ட வேண்டியது எப்போதும் மொத்தத் தொகைதான். ஆப்பில் தானியங்கிக் கட்டணம் அமைக்கும்போது 'மொத்தத் தொகை', 'மினிமம்' என்று இரண்டு தேர்வு வரும். பலர் கவனிக்காமல் இரண்டாவதைத் தொட்டுவிடுகிறார்கள். 'மொத்தத் தொகை' என்பதைத் தேர்ந்தெடுத்தீர்களா என்று இரண்டு முறை பாருங்கள். கடைசித் தேதிக்கு முந்தைய நாள் சேமிப்புக் கணக்கில் பணம் இருக்கிறதா என்றும் பாருங்கள். கடைசித் தேதி தாண்டி மூன்று நாளுக்கு மேல் போனால்தான் தாமதக் கட்டணம் போடலாம், பாக்கி என்று தெரிவிக்கலாம் என்று விதி இருக்கிறது. அதை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், பழக்கமாக்க வேண்டாம்.

வட்டியில்லாக் காலம் எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. பில் தேதி 5, கட்டும் தேதி 25 என்றால், ஜூன் 6-இல் வாங்கிய பொருளுக்கு ஜூலை 25 வரை, 49 நாள் கிடைக்கும். ஜூன் 4-இல் வாங்கியதற்கு ஜூன் 25 வரை 21 நாள்தான். டியூஷன் பணம் மாதத் தொடக்கத்தில் வருகிறதென்றால் கட்டும் தேதி 10-க்குள் விழுகிறமாதிரி மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். ஒரு முறையாவது பில் சுழற்சியை மாற்றிக்கொள்ளும் வசதியை வங்கி தர வேண்டும்.

என்ன வாங்குவது? நான் சொல்வது கொஞ்சம் சலிப்பாக இருக்கும். மாதாமாதம் எப்படியும் செய்யும் செலவு ஒன்றிரண்டை மட்டும் அதில் போடுங்கள்: மொபைல் ரீசார்ஜ், ஊருக்குப் போக பஸ் டிக்கெட், புத்தகம். 18,000 லிமிட் என்றால் 5,000 ரூபாயைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். லிமிட்டில் பெரும்பகுதியைத் தொடர்ந்து தின்றுகொண்டிருந்தால் ஸ்கோர் இறங்கும். ரூபே கிரெடிட் கார்டாக இருந்தால் அதை யு.பி.ஐ.யோடு இணைத்துக் கடைகளில் ஸ்கேன் செய்து கட்டலாம். வசதிதான், ஆனால் மாணவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. டீக்கடையிலும் ஜூஸ் கடையிலும் 40, 60 என்று தட்டிக்கொண்டே போனால், கணக்கில் பணம் குறைவது கண்ணில் படாது. மாதக் கடைசியில் பில்லைப் பார்க்கும்போதுதான் தெரியும்.

ஏ.டி.எம்.மில் இந்தக் கார்டை வைத்துப் பணம் எடுக்கவே கூடாது. முதல் நாளிலிருந்தே வட்டி. கட்டணமும் பல வங்கிகளில் 2.5 சதவீதம் அல்லது குறைந்தது 500 ரூபாய். அவசரத்துக்கு 2,000 எடுத்தால் வரியோடு 590 ரூபாய் கட்டணத்துக்கே போகும். கடைகளில் கார்டைத் தேய்த்து இரண்டு மூன்று சதவீதம் பிடித்துக்கொண்டு பணம் கொடுக்கிறார்களே, அதன் பக்கமும் போக வேண்டாம். பொருளே வாங்காமல் போலி பில் போடும் வேலை அது. வங்கி கண்டுபிடித்தால் கார்டை முடக்கிவிடும்.

விடுதியில் உங்களுக்கு மட்டும் கார்டு இருக்கிறது என்று தெரிந்தால் தோழிகள் கேட்பார்கள். 'எனக்கு ஒரு போன் இ.எம்.ஐ.யில் போட்டுக் கொடு, மாதாமாதம் தந்துவிடுகிறேன்.' இரண்டு மாதம் தருவார்கள். மூன்றாம் மாதம் அவர்கள் வீட்டில் ஏதோ கஷ்டம் வரும், கேட்க உங்களுக்குச் சங்கடமாக இருக்கும். அந்த இ.எம்.ஐ. உங்கள் பெயரில்தான் ஓடிக்கொண்டிருக்கும். எஃப்.டி. இருக்கிறதே, அதில் பிடித்துக்கொள்ளட்டும் என்றும் விட முடியாது. வங்கி பணத்தை எடுத்துக்கொள்ளும், தாமதமும் அறிக்கையில் பதிவாகும். இதை எப்படி மறுப்பது என்று இப்போதே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். 'அப்பாவோடு சேர்ந்துதான் பில் பார்ப்பேன், அவர் கேட்பார்' என்று சொன்னால் போதும். அது பொய்யாகவும் இருக்க வேண்டாம், உண்மையிலேயே முதல் சில மாதம் அவருடன் சேர்ந்து பில்லைப் பாருங்கள். பில் முழுதாகக் கட்டப்படுவதைக் கண்ணால் பார்த்தால் அவருடைய பயமும் குறையும்.

கல்விக் கடனுக்கு மறுபடி வருகிறேன், ஏனென்றால் உங்களுக்கு அதுதான் பெரிய தொகை. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 4.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்து, உங்கள் படிப்பும் கல்லூரியும் தகுதிக்குள் வந்தால், படிக்கும் காலத்துக்கும் பிறகு ஓராண்டுக்கும் வட்டியை மத்திய அரசே மானியமாகக் கொடுக்கும் திட்டம் இருக்கிறது. உங்கள் கடனுக்கு அது பதிவாகியிருக்கிறதா என்று கிளையில் கேளுங்கள். வருமானச் சான்றிதழ் கொடுக்காமல் விட்டதால் இதை இழந்த மாணவர்கள் உண்டு. மானியம் இல்லையென்றால், டியூஷன் பணத்தில் மாதம் 1,000, 1,500 என்று வட்டிக்குக் கட்டத் தொடங்குங்கள். 3 லட்சம் ரூபாய்க்கு 10 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 30,000 வட்டி சேர்கிறது. சலுகைக் காலத்தில் வட்டியைக் கட்டிவருபவர்களுக்குச் சில வங்கிகள் வட்டி விகிதத்தில் 1 சதவீதம் குறைத்தும் தருகின்றன. இதற்கும் கார்டுக்கும் ஒரே நேரத்தில் பணம் போதவில்லையென்றால் கார்டைத் தள்ளிப்போடுங்கள். ஆறு மாதம் கழித்தும் கார்டு கிடைக்கும்.

கார்டு வாங்கி, ஆறு மாதம் தவறாமல் முழு பில்லையும் கட்டியபின் அறிக்கையை மறுபடி எடுத்துப் பாருங்கள். கல்விக் கடனோடு கார்டு கணக்கும் அதில் சேர்ந்திருக்கும். வண்டிக் கடனுக்குப் போகும்போது அந்த இரண்டு கணக்கையும், உங்கள் சம்பளத்தையும் வைத்துத்தான் முடிவு செய்வார்கள். வேலை கிடைத்துச் சம்பளக் கணக்கு வங்கி புதிய கார்டு தர முன்வந்தால் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் கேட்காமலே கார்டு அனுப்பினால் வாங்க வேண்டியதில்லை. ஓ.டி.பி. கொடுத்து நீங்கள் செயல்படுத்தாத கார்டை வங்கியே கட்டணமில்லாமல் மூட வேண்டும். பழைய எஃப்.டி. கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் இல்லையென்றால் இன்னும் ஓராண்டு வைத்திருங்கள். மூடுவதென்றால் பாக்கியை முழுதாகக் கட்டிவிட்டு எழுத்தில் கேளுங்கள். பாக்கி இல்லாத கார்டை ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். வேறு ஊருக்கு வேலைக்குப் போகும்போது முகவரியையும் மொபைல் எண்ணையும் கார்டு வங்கி, கல்விக் கடன் வங்கி இரண்டிலும் மாற்றிவிடுங்கள். படிப்பு முடிந்தவுடன் பழைய சிம்மைத் தூக்கிப் போட்டுவிட்டு, தவணை தொடங்கிய செய்தியே தெரியாமல் போனவர்கள் நிறையப் பேர்.

அறிக்கையில் கல்விக் கடன் பக்கம் ஏதாவது புரியாமல் இருந்தால், பெயரையும் எண்களையும் மறைத்துவிட்டு எனக்கு எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.